மேடம் டிகி செய்த எழுத்துப்பிழை

1

ஊருக்குப் போகும்போது யாராவது "ஷார்ஜாவுல இன்னா வேலை?" என்று கேட்டால், "அரபிக்காரங்களுக்கு அரபியில மனு எழுதிக் குடுக்குறேன்" என்பேன். கேட்டவர் முகத்தில் முதலில் மரியாதை வரும், உடனே சந்தேகம் வரும். சந்தேகம்தான் நியாயம். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவரின் மகள், அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள், அரபிக்காரருக்கே அரபி எழுதிக் கொடுக்கிறாள் என்றால் எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

இங்கே டைப்பிங் சென்டர் தெருவுக்கு ஒன்று உண்டு. விசா, அடையாள அட்டை, வீட்டு ஒப்பந்தம், பிள்ளை பிறந்தது, வேலை போனது, எதுவானாலும் அரசாங்கத்துக்கு மனு கம்ப்யூட்டர் வழியாகப் போக வேண்டும். அதை அரபியிலும் ஆங்கிலத்திலும் தட்டி அனுப்புவது நாங்கள். எங்கள் சென்டர் முதலாளி மலப்புரத்துக்காரர். எனக்கு அரபி கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். முதலில் விரலுக்குக் கற்றுக்கொடுத்தார், எந்த எழுத்து கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று. அர்த்தம் போகப் போகத் தானாக வரும் என்றார். பதினெட்டு வருஷம் ஆகிறது, இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

வந்த புதிதில், அரபி பேசுகிறவர் எல்லாரும் இந்த நாட்டுக்குச் சொந்தக்காரர் என்று நினைத்திருந்தேன். அரபி காதில் விழுந்தாலே நாற்காலியை விட்டு எழுந்து நிற்பேன். சென்டருக்குத் தண்ணீர் கேன் போடுகிறவருக்கு ஒரு மாதம் எழுந்து நின்றிருக்கிறேன். அவர் ஏமன் நாட்டுக்காரர், என்னைப்போலவே பிழைக்க வந்தவர். என் நாற்காலியில்தான் ஏதோ கோளாறு, அதனால்தான் இந்த அம்மா உட்கார முடியாமல் தவிக்கிறது என்று நினைத்து, ஒருநாள் கேனோடு ஒரு குஷனும் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வயதில் எனக்கு வெட்கப்படத் தெரியாது, வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

பிறகொரு மதியம் சிரியா நாட்டு ரொட்டிக்கடைக்காரர், சூடான் நாட்டுக் கணக்கர், எகிப்து நாட்டு டிரைவர் என்று மூன்று பேர் டோக்கனோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "விசாவில் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, மேடம்?" அன்றைக்குத்தான் புரிந்தது. மொழி அவர்களுடையது, நாடு பக்கத்து வீட்டுக்காரருடையது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் எழுந்து நிற்பதில்லை. குஷன் மட்டும் இருக்கிறது.

2

இது புரிய எனக்கு அத்தனை நாள் ஆகியிருக்கக் கூடாது. நான் புதுச்சேரிக்காரி. தவளக்குப்பம் தாண்டிக் கடலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். அங்கேயும் தமிழ்தான், அதே மீன் குழம்புதான், அதே கோபம்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்து ஜனங்களை "தமிழ்நாட்டு ஆளுங்க" என்றுதான் சொல்வார்கள். நாங்கள் என்னவோ பாரிசில் குடியிருப்பதுபோல.

என் வீட்டுக்காரர் குமரவேல் கடலூர்ப் பக்கம். புதுச்சேரியிலேயே இருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்துவிட்டுப் போனதும் அப்பா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பையன் தங்கமான பையன்தான். ஆனா தமிழ்நாட்டு ஆளாச்சே!"

கல்யாணம் ஆன பிறகு அவருக்குப் புதுச்சேரியில் குடியிருப்புச் சான்று வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இங்கேதான் இத்தனை வருஷமாக இருக்கிறேன் என்று நிரூபிக்க, கேஸ் பில், கரண்ட் பில், கம்பெனிக் கடிதம் என்று தூக்கிக்கொண்டு அலைந்தார். ஒருவழியாகச் சான்று கைக்கு வந்தது. அடுத்த மாதம் ஷார்ஜா வேலைக்கு விசாவும் வந்தது. புதுச்சேரிவாசி என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட பிறகு அந்த மனிதர் புதுச்சேரியில் வாசம் செய்தது இருபத்தாறு நாள்.

3

என் பெயர் ஜெயலட்சுமி. இதைத் தமிழில் எழுதினால் வம்பே இல்லை. ஆனால் என் பிறப்பைப் பதிந்த பெரியவர் பிரெஞ்சுப் பழக்கத்தில் ஊறியவர். எல்லாரும் அவரை மிசியே என்றுதான் கூப்பிடுவார்களாம். பிரெஞ்சில் வெறும் 'ஜே' போட்டால் நம்முடைய 'ஜ' வராது, முன்னால் ஒரு 'டி' வேண்டுமாம். அதனால் என் பெயர் DJEALATCHOUMY ஆனது. அப்பாவுக்கு மனசுக்குள் பெருமை. ஒரு எழுத்துக்குப் பதில் இரண்டு எழுத்துக் கிடைத்திருக்கிறதே! பிறகு ரேஷன் கார்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றாகி, இந்த இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் நானே சத்தியம் செய்ய வேண்டிவந்தது.

ஷார்ஜாவில் முதல் விசாவில் என் பெயரை அரபியில் அடித்த மகராசன் அந்த 'டி'யையும் விடவில்லை. டிஜியாலட்சோமி என்று அடித்துவிட்டான். அதையும் தாங்கிக்கொண்டேன். அப்புறம்தான் எகிப்துக்காரர்கள் வந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அரபியில் ஜீம் என்று ஓர் எழுத்து உண்டு. கீழே ஒரு புள்ளி வைத்தது. வளைகுடாக்காரர் வாயில் அது 'ஜ'. அதே எழுத்து எகிப்துக்காரர் வாயில் 'க', அதாவது 'கங்கை'யில் முதலில் வருகிறதே அந்த 'க'. ஜமால் என்று எழுதிக் கமால் என்பார்கள். அதனால் டிஜியாலட்சோமி என்ற நான் அவர்களுக்கு டிகியாலட்சோமி. அது நீளம் என்று சுருக்கி, மேடம் டிகி.

அந்தப் பெயரைச் சுருக்கிய பெருமை உஸ்தாஸ் ஃபத்ஹிக்குச் சேரும். உஸ்தாஸ் என்றால் ஆசிரியர். எங்கள் மகள் யாழினியின் பள்ளியில் அரபி வாத்தியார். எகிப்தில் தன்தா என்ற ஊர்க்காரர். எனக்குச் சில வருஷம் முன்னாலேயே வளைகுடாவுக்கு வந்தவர். ஒவ்வொரு கோடையிலும் ஊருக்குப் போய் வரும்போது எங்களுக்கு வறுத்த கடலை கொண்டுவருவார், அவர் ஊரில் அதுதான் விசேஷம். பொட்டுக்கடலை மாதிரியே இருக்கும். நான் அதைச் சட்னிக்கு அரைத்துவிட்டேன் என்று தெரிந்த நாளில் அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது.

அவரிடம் ஒரு குணம். யார் அரபியில் தப்புச் செய்தாலும் திருத்தாமல் விடமாட்டார். சென்டருக்கு வந்தால் என் பின்னால் நின்று, திரையைப் பார்த்துக்கொண்டே வினைச்சொல்லுக்குப் பாடம் நடத்துவார். யாழினியின் நோட்டில் பாதிப் பக்கம் அவருடைய சிவப்பு மைதான்.

யாழினி விஷயத்தில் நானும் ஒன்றும் பேச முடியாது. ஆசை ஆசையாக 'ழ' வைத்துப் பெயர் வைத்தேன். இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்த பெண், தன் பெயரைத் தானே "யாளினி" என்றுதான் சொல்கிறாள். கேட்டால், "அப்பிடித்தான்மா வருது" என்பாள்.

4

இந்தக் குறிப்புகளை எழுத வைத்த சங்கதிக்கு வருகிறேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை உஸ்தாஸ் ஃபத்ஹி சென்டருக்கு வந்தார். வணக்கம் சொல்லவில்லை. டோக்கன் எடுக்கவில்லை. ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்தார்.

"படியுங்கள், மேடம் டிகி."

அவர் மகளின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ். அவள் யாழினியின் சிநேகிதி, இரண்டு பேரும் இந்த வருஷம்தான் பள்ளி முடித்தார்கள். நான் சந்தோஷமாகச் சத்தம் போட்டுப் படித்தேன். "நகாத் ஃபத்ஹி. மபுரூக் உஸ்தாஸ், வாழ்த்துக்கள்!"

"காதுக்குச் சரி. இப்போது கண்ணைத் திறந்து படியுங்கள்."

கண்ணைத் திறந்து படித்தேன். ஜீம் இருக்க வேண்டிய இடத்தில் காஃப் என்ற எழுத்து இருந்தது. கீழே ஒரு புள்ளிக்குப் பதிலாக மேலே இரண்டு புள்ளி. வளைகுடாப் பேச்சில் இந்தக் காஃப்தான் 'கங்கை'யின் 'க'. எகிப்தில் அதைக் 'க' என்று படிக்கமாட்டார்கள், 'அ' மாதிரி விழுங்கிவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நகாத்தின் அடையாள அட்டையைப் புதுப்பித்தது நான். பாஸ்போர்ட் நகல் மை பிடித்துக் கறுப்பாக இருந்தது, அரபி வரி தெரியவில்லை. ஆங்கிலத்தில் NAGAT என்று மட்டும் தெரிந்தது. ஆங்கில 'G' என்றால் காஃப், இது மலப்புரத்துப் பாடம். தட்டிவிட்டேன். அட்டையில் இருந்த பெயரைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது, பள்ளிக்கூடத்துப் பெயர் சான்றிதழில் ஏறிவிட்டது. பிறவியிலேயே அரபி பேசுகிற எவரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார். அரபியே தெரியாதவர்களாலும் செய்ய முடியாது. வளைகுடாவில் அரபி கற்ற ஒரு தமிழச்சி, எகிப்துப் பெண்ணின் பெயரை ஆங்கிலத்தில் பார்த்து அடித்தால்தான் இது நடக்கும்.

"மனுவை அனுப்புவதற்கு முன்னால் பிரிண்ட் எடுத்து உங்களிடம் காட்டினேனே, உஸ்தாஸ்" என்றேன். கோப்பைத் தேடி எடுத்தேன். கீழே அவருடைய கையெழுத்து அழகாக இருந்தது.

இரண்டு பேரும் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்குப் பன்மை சொல்லிக்கொடுத்துக்கிட்டிருந்தீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அரபி வாத்தியாரின் மகள் பெயரே அரபியில் தப்பு. இது வெளியே தெரிந்தால் எந்தப் பிள்ளையின் நோட்டில் அவர் சிவப்பு மையை வைப்பார்?

ஆனால் மானத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. நகாத்துக்குத் தன்தாவில் பல்கலைக்கழக இடம் பேசி வைத்திருந்தார். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்றால் அவர்கள் நாட்டுத் தூதரகம் முத்திரை குத்தாது. முத்திரை இல்லாவிட்டால் இடம் இல்லை. முதலில் அட்டை திருத்த வேண்டும், பிறகு சான்றிதழ், பிறகு முத்திரை. கையில் இருந்தது இரண்டே வாரம். தவறினால் பெண்ணுக்கு ஒரு வருஷம் போய்விடும்.

"நான் பார்த்துக்கறேன்" என்றேன். செய்தவள்தானே பார்க்க வேண்டும்.

5

அட்டையைத் திருத்த நகாத்தின் கையில் இருக்கும் காகிதங்கள் தேவை. செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட்டை மறந்துவிட்டு வந்தாள். புதன்கிழமை கொண்டுவந்த போட்டோவில் பின்னணி நீலம். வியாழக்கிழமை போட்டோ வெள்ளை, ஆனால் பழைய அட்டையைக் காணோம். பள்ளியில் முதல் மாணவி! இவ்வளவு மறதி எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கோபம் வந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் மறுபடியும் வந்தாள். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பழைய அட்டை அவள் பைக்குள்தான் இருந்தது.

அவள் பேசுவது அரபி, இந்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்த ஷார்ஜா பாஷை. என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா டைப் பண்ணுறீங்களா?"

"எவ்வளவு மெதுவா?"

"ரெண்டு வாரம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பிழை அவளுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். அட்டை வந்த அன்றைக்கே பார்த்துவிட்டாள். என்றைக்காவது தன்தாவுக்கு அனுப்புகிற பேச்சு வரும், அன்றைக்கு இது உதவும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். பதினாறு வயதில் இப்படி ஒரு மூளை. என் தப்பை இவள் இரண்டு வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள்.

"அங்க நான் வாயத் தொறந்தாலே என் பெரியப்பா பசங்க எல்லாம் சிரிப்பாங்க, வளைகுடாப் பொண்ணு வந்துட்டான்னு. அங்க என் பேரு நகாத். நான் நகாத் இல்ல ஆன்ட்டி, நான் நஜாத். ஸ்கூல்ல எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிட்டாங்க, எனக்கும் என் பேரு அப்பிடித்தான். லீவுல பத்து நாள் போற ஊருக்கு, உன் ஊருக்குப் போன்னு அனுப்புறாங்க. லேப் டெக்னீஷியன் படிப்பு இங்கயே இருக்கு. ஃபாரம் வாங்கி வெச்சிருக்கேன்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அப்பாவோட வேலை வருஷா வருஷம் எழுதுற ஒப்பந்தம். நடுவுல புதுப்பிக்கலன்னா குடும்பத்தோட கிளம்பணும், படிப்பு பாதியில நிக்கும், அதனால தன்தாதான்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல பேச விடல."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. என் மேசைக்கு வருகிற ஒவ்வொரு சூடான்காரரும் சிரியாக்காரரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். எனக்குள் இருந்த அம்மாக்காரி எழுந்துகொண்டாள்.

"படிக்கத்தானே அனுப்புறாங்க? காட்டுக்கா அனுப்புறாங்க? பெத்தவங்க நல்லதுக்குத்தான் செய்வாங்க. நானுந்தான் யாழினியப் புதுச்சேரிக்கு அனுப்பப் போறேன், அவ என்ன இப்பிடியா பண்ணுறா?"

நஜாத் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "யாழினியக் கேட்டீங்களா ஆன்ட்டி? நீங்க கேக்கவே இல்லன்னு சொன்னா."

பழைய அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பொருளைக் கொடுத்துவிட்டாள், முடிவை என் தலையில் போட்டுவிட்டாள். நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

கேட்கவில்லைதான். என் தம்பி மூலமாகப் புதுச்சேரியில் கல்லூரி பார்த்து, விண்ணப்பம் அனுப்பி, தங்குகிற இடம் வரைக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். நம் ஊருக்குப் போவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். போன லீவில் அவளைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. மீன் பக்கம் போனதும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். சங்கரா என்ன விலை என்று அவளாகக் கேட்டதற்கு, மீன்கார அம்மா மேலும் கீழும் பார்த்து, "துபாய் பாப்பாவா? வா கண்ணு, வா" என்று இரண்டு மடங்கு சொன்னாள். யாழினி வழியெல்லாம் பேசவில்லை. ஏன் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு ஊர் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, கேட்காமலே இருந்துவிட்டேன். இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மெதுவாக டைப் செய்ய எனக்கு வரவில்லை. விரல் பழகிவிட்டது. அன்று மாலையே மனு போய்விட்டது. ஆனால் ஒன்று செய்தேன். பதினெட்டு வயது ஆனவர் நேரில் வந்து, தானே சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை உஸ்தாஸுக்குச் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று சொல்லவில்லை.

6

ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அரசு அலுவலகம் லீவு. திங்கட்கிழமை காலை அட்டை அலுவலகத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். உஸ்தாஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கவுன்ட்டரில் இருந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், உஸ்தாஸைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"எகிப்தா? அடித்தது யாரு, இந்தியனா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மிகக் கவனமாகப் படித்தேன்.

பேனாவை நஜாத்திடம் நீட்டி, "பெயரைத் திருத்தணும், இல்லையா?" என்றாள்.

நஜாத் பேனாவை வாங்கவில்லை. அப்பா பக்கம் திரும்பி, இந்த ஊர்ப் பேச்சு அரபியில், "மா பரூஹ்" என்றாள். நான் போகவில்லை என்று அர்த்தம்.

உஸ்தாஸ் ஃபத்ஹி என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஏன் என்று கேட்கலாம். கோபப்படலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் சொன்னது இது:

"மா இல்லை. எதிர்காலம் என்றால் லன் போட வேண்டும்."

பழக்கதோஷம். சொல்லி முடித்த பிறகுதான் மகள் சொன்னதே அவருக்கு உறைத்தது. அதற்குள் நஜாத், அவர் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற அதே சுத்தமான இலக்கண அரபியில், ஒவ்வொரு உயிர்க்குறியும் தவறாமல், "லன் அத்ஹப" என்றாள். லன் போட்டால் வெறும் 'போகவில்லை' அல்ல. ஒருபோதும் போகமாட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. கவுன்ட்டர் பெண் எங்கள் டோக்கனை ஓரமாக எடுத்து வைத்தாள்.

"அங்கே உட்கார்ந்து பேசிவிட்டு வாங்க. உங்கள் நம்பரை நான் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன்."

பெஞ்சில் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். எழுந்து போகப் பார்த்தேன், உஸ்தாஸ் கையால் உட்காரச் சொன்னார். நஜாத் என்னிடம் சொன்னதை எல்லாம் அவரிடமும் சொன்னாள். இரண்டு வருஷமாகப் பிழையை மறைத்ததையும் விடவில்லை. அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பேசத் தொடங்கியபோது மகளைப் பார்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்துப் பேசினார்.

"போன கோடையில் தன்தாவில் கடலை வாங்கப் போனேன், மேடம் டிகி. நான் பிறந்த தெரு. கடைக்காரன் கேட்கிறான், ஐயா எந்த ஊர் என்று. ஏன் என்றேன். நீங்கள் ரொம்ப மெதுவாகப் பேசுகிறீர்களே, எங்கள் ஊர்க்காரர் இப்படிப் பேசமாட்டார்களே என்கிறான். இந்தியக் குழந்தைகளுக்குப் புரிய வேண்டும் என்று இத்தனை வருஷம் மெதுவாகப் பேசிப் பேசி, என் வாய் அப்படியே ஆகிவிட்டது. அங்கே வீடு கட்டி, வர்ணம் பூசி, பூட்டி வைத்திருக்கிறேன். உள்ளே போனால் எனக்கே விருந்தாளி மாதிரி இருக்கிறது. இவள் போய் அங்கே இருந்துவிட்டால், பிறகு நான் போகும்போது என் வீட்டில் எனக்கு ஓர் ஆள் இருக்கும் என்று நினைத்தேன்."

நஜாத் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை.

"ஒப்பந்தம் நடுவில் நின்றுபோனால்?" என்று இந்தத் தடவை மகளைப் பார்த்துக் கேட்டார்.

"நின்னா அப்ப எல்லாருமா சேர்ந்து போலாம், பாபா. நானும் வர்றேன்."

"லன் இல்லையா?"

"லன் இல்ல."

அவள் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டாள். தன்தாவில் படித்தாலும் ஷார்ஜாவில் படித்தாலும் பெயர் சரியாக இருக்க வேண்டுமே. கவுன்ட்டர் பெண் காஃபை அழித்து ஜீம் அடித்தாள். உஸ்தாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் மூன்று தடவை படித்த பிறகுதான் அவளை அனுப்ப விட்டார். மறுநாள் அப்பாவும் மகளுமாக இங்கேயே கல்லூரியில் விண்ணப்பம் கொடுத்தார்கள். அதை நான் டைப் செய்யட்டுமா என்று நானும் கேட்கவில்லை, செய்து கொடுங்கள் என்று அவர்களும் சொல்லவில்லை.

7

அந்தச் சனிக்கிழமை காலை யாழினி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். குமரவேல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை கூடத்துக்கு வந்து, இரண்டு தடவை திரும்பிப் போனேன்.

"இன்னாத்துக்குப் போயிப் போயி வர?" என்றார் அவர்.

மூன்றாவது தடவை கேட்டுவிட்டேன். "யாழினி, உனக்குப் புதுச்சேரிக்குப் போவணுமா? வேணாம்னா சொல்லு. மாமாகிட்ட சொல்லி நிறுத்திடறேன். நெஜமாத்தான் கேக்குறேன்."

யாழினி மடித்த துப்பட்டாவைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"இப்பத்தான் கேக்குறியா?"

"இப்பத்தான் கேக்குறேன்."

"போறேன்மா."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. வேண்டாம் என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்று நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் வீணாகிவிட்டது.

"மார்க்கெட்டுல மூக்க மூடுனியே? வழியெல்லாம் பேசாம வந்தியே?"

"நாத்தம் அடிச்சா மூடமாட்டாங்களா? பேரம் பேசத் தெரியலயேன்னு கடுப்புல இருந்தேன். அங்க போனா கத்துக்குவேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அங்க எல்லாருமே என் பேரை யாளினின்னுதான்மா சொல்றாங்க. நானும் அப்பிடித்தான் சொல்றேன். யாரும் சிரிக்கல. எனக்கு அந்த ஊரு பிடிச்சிருக்கு. நீ என்னைக் கேக்காம ஃபாரம் அனுப்புன பாரு, அதான் கோவம்."

குமரவேல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இதற்குத்தானே இத்தனை ஏற்பாடு? ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்வாள், இன்னும் மூன்று நாலு வருஷம் இந்தக் கூடத்திலேயே துணி மடிப்பாள் என்று நான் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன்போல. அது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது.

யாழினி துணியை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"நான் போயிடுவேன். நீ எப்பம்மா வருவ?"

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பொங்கிவிடும் என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பாலை எடுத்து வைத்து, அடுப்பைப் பற்றவைத்தேன்.